நானூற்றுப் பதின்மூன்றாவது சட்டை

தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தபோது மேடையம்மா ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். வந்தவர்கள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருவர் காதில் பென்சில் செருகியிருந்தார். இன்னொருவர் கையில் மடித்த தார்ப்பாய்.

"இதானே அந்த மெஷின்?" என்றார் பென்சில்காரர்.

"மெஷின்தான். நீங்க யாரு?"

"சினிமா கம்பெனிலேர்ந்து வர்றோம்மா. செட் சாமானெல்லாம் என் பொறுப்பு. சார் சொல்லலையா?"

சார் என்றால் அவள் புருஷன், நாடக ஆசிரியர். அவர் சொல்லித்தான் இருந்தார். அவர் எழுதிய நாடகம் சினிமா ஆகிறது, அடுத்த வாரம் படப்பிடிப்பு, நீ தயாராக இரு, மெஷினும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளும் தயாராகத்தான் இருந்தாள். மேடையில் பதினெட்டு வருஷமாகத் தலையில் மாவைத் தட்டிக் கிழவியானவள், கேமராவுக்கு மாவு ஒத்துவராது என்று யாரோ சொல்லக் கேட்டு, மூன்று மாதமாகத் தலைக்குச் சாயம் போடுவதையே விட்டிருந்தாள். நரை காதோரத்தில் இறங்கித் தெருவே கேட்க ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "வேஷத்துக்கு" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த வாரம்னுதான் சொன்னாரு. நான் வர்றப்ப மெஷினும் என் கூடவே வரட்டுமே."

"இல்லம்மா. இப்பவே லைட்டு வச்சுப் பாக்கணுமாம். அப்புறம் அந்த அம்மா ரெண்டு நாளாவது இதுல உக்காந்து பழகணும்ல."

"எந்த அம்மா?"

"அம்மா வேஷம் கட்டறவங்கதான்." பென்சில்காரர் ஒரு பெரிய நடிகையைச் சொன்னார். சுவரொட்டியில் பார்த்த முகம். "பெரிய ஆளு. ஆனா ஊசில நூல் கோக்கக்கூட வராதாம், பாவம். அதனால என்ன, கைக்குத்தான் நீங்க வர்றீங்களே."

"கைக்கா?"

"ஆமாம்மா. மூஞ்சி அவங்களது, கை உங்களது. சினிமாவுல இதெல்லாம் சகஜம்."

மேடையம்மாவின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றுவிட்டது. பென்சில்காரருக்கும் எதையோ உடைத்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. அவர் தார்ப்பாய்க்காரரைப் பார்த்தார், தார்ப்பாய்க்காரர் மழையைப் பார்த்தார்.

"மெஷின் வராது" என்றாள் அவள். "நனைஞ்சு வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் நின்றபடியே டீ குடித்தார்கள். அதற்குள் உள்ளறையிலிருந்து நாத்தனார் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஆசிரியரின் அக்கா. கல்யாணம் கட்டாதவள். நாடகக் குழுவில் பக்கத்திரைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாராவது முழித்தால் வசனம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையினாலேயோ என்னவோ, வீட்டிலும் அடுத்தவர் சொல்லப்போவதை ஒரு வார்த்தை முன்னால் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

"என் தம்பிக்காரன் இதுல என்ன வேஷம் கட்டறான்னு அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"சாருக்கு வீட்டுக்கார முதலாளி வேஷம். ரெண்டு சீன்."

"ம். தனக்கு வாங்கிட்டான்."

மேடையம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்த வீட்டுக் கோபம் யாருக்கும் புரியாது. கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. தைத்துப் பிழைக்கும் ஒரு விதவைத் தாய். பெரிய வேலைக்குப் போன மகன் ஒருநாள் வந்து, இருக்கிற வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வா என்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். நடுநடுவே வீட்டுக்கார முதலாளி வந்து உறுமிவிட்டுப் போகிறார். ஆசிரியர் பதினோரு நாளில் எழுதியது. மகன் வேஷம் அவருக்கே. முதல் ஆட்டத்தன்று, தாயாக நடிக்க வேண்டிய பெண்மணி பல்வலி என்று கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வாயே திறக்கவில்லை. குழுவுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஆசிரியரின் மனைவி. ஒத்திகை முழுவதையும் பக்கத்து அறையில் மெஷின் மிதித்தபடியே கேட்டிருந்ததால் வசனம் மொத்தமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பிடித்து மேடையேற்றிவிட்டார்கள். அன்று அவளுக்கு வயது முப்பது, மகனாக நின்ற புருஷனுக்கு முப்பத்திநாலு.

வசனம் இருந்தது. கைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அரங்கப் பொருளாக அவளுடைய மெஷினையே வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சட்டை பையில் கிடந்தது. எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். நாடகம் முடியும்போது சட்டையும் முடிந்திருந்தது. அதை எடுத்து உதறி மகனுக்கு மாட்டிவிட்டாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சட்டையைக் கேட்டு வந்தவருக்குத்தான் மறுநாள் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு சட்டை. முதல் காட்சியில் துணியைப் பரப்பி வெட்டுவாள். இரண்டாவதில் தோளும் கையும் சேரும். மூன்றாவதில் காலரும் பட்டனும். காஜா போட்ட முன்பட்டியை மட்டும் முந்தின நாளே தயார் செய்துகொள்வாள், மற்றதெல்லாம் சனங்களின் கண்ணெதிரே. தைத்து முடித்த சட்டை ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு தைப்பதுபோல் பாவனை செய்தால் போதாதா என்று ஆசிரியர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அவள் அதற்குக் காதே கொடுக்கவில்லை. எல்லாச் சட்டையும் அவர் அளவுதான். நாற்பது அங்குல மார்பு. கீழ் ஓரத்தின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஆட்ட எண்ணை எழுதிவிடுவாள். பதினெட்டு வருஷமாக மனிதர் கடையில் சட்டை வாங்கியதே இல்லை. அந்த வீட்டில் அடுப்பங்கரைத் துணியைப் புரட்டினால்கூட ஏதோ ஒரு ஆட்டத்தின் எண் இருக்கும்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது காட்சியில் மகன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவான். கடைசிப் பட்டன் தைத்து முடித்ததும் தாய் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். 'டக்' என்று அரங்கம் முழுக்கக் கேட்கும். அதுதான் பக்கத்திரைக்குள் நிற்கும் மகனுக்குச் சைகை. அவர் வந்து, சபையைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டுவார். அவள் சட்டையை மாட்டிவிடுவாள். அதற்குப் பிறகு அவர் பேசுவது ஐந்து நிமிஷம், விசில் பறக்கும். அந்தச் சைகை அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் அவள் எதையோ தைத்துவிட்டு நூல் கடித்தால்கூட மனிதர் நாற்காலியை விட்டு அரை அடி எழுந்துவிடுவார். "உக்காருடா, நாடகம் இல்ல" என்று நாத்தனார் சிரிப்பாள்.

முன்பு ஒரு டெலிவிஷன்காரர் வந்து, இதை அறுபது வாரத் தொடராக்கலாம், தாயை மட்டும் இரண்டு தாயாக்கிவிட வேண்டும் என்றார். ஆசிரியர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அந்த வீறாப்பில் மனைவிக்குப் பெருமை. சினிமாக்காரர் வந்தபோது அவள் கவலைப்படவில்லை.

மத்தியானம் ஆசிரியர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சாப்பாடு தயாராக இருந்தது. சோறும் முட்டைப் பொரியலும். அவள் பரிமாறவில்லை. அவரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வாய் இறங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள் என்பதுதான் எனக்கு அவளிடம் பிடித்த விஷயம்.

"என்னிக்குத் தெரியும் உங்களுக்கு?"

"என்னது?"

"கை மட்டும்தான் நான்னு."

சோற்றுக்கை நின்றது. "யார் சொன்னா?"

"மெஷின் தூக்க வந்தவரு. தெருவுல தண்ணி ஓடுது, நடு வாசல்ல நின்னு சொல்றாரு. என்னிக்குத் தெரியும்?"

"மொதல்லேர்ந்தே அப்படித்தான் பேச்சு. சினிமான்னா மூஞ்சி தெரிஞ்சாத்தான் சனம் வரும். உன்னை யாருக்குத் தெரியும்?"

"நானூத்திப் பன்னெண்டு ஆட்டத்துக்கு வந்தவங்களுக்குத் தெரியும்."

"அவங்கெல்லாம் சேந்தா ஒரு கொட்டகை ரொம்பாது."

"அப்ப ஏன் என்னைத் தயாரா இருன்னீங்க? தல நரைச்சு உக்காந்திருக்கேனே, பாத்துக்கிட்டே தானே இருந்தீங்க மூணு மாசமா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இப்படித்தான் கத்துவ."

"நான் கத்தறேனா? அக்கா, நான் கத்தறேனா?"

"இல்ல" என்றாள் நாத்தனார், முட்டையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டே. "இவன்தான் கத்தப்போறான்."

அவர் கத்தினார். தான் எழுதியது, தன் நாடகம், வாழ்நாளில் ஒருமுறை வருகிற சந்தர்ப்பம், பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து கெடுக்கப் பார்க்கிறீர்கள் என்றார். பிறகு குரலை இறக்கினார். "இந்தா பாரு. நீ வரலைன்னா வேற டெய்லரைக் கூப்பிடுவாங்க. கொள்ளைப் பேர் இருக்காங்க. நான் கெஞ்சிக் கேட்டுத்தான் உன்னைப் போடச் சொன்னேன்."

"உங்களுக்கு மொதலாளி வேஷமும் கெஞ்சிக் கேட்டதுதானா?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரோஷக்காரி என்றால் போயிருக்க மாட்டாள். மேடையம்மாவுக்கு ரோஷம் இருந்தது, ஆனால் அந்த வேஷத்தின் மேல் ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. வேறு எவளோ ஒருத்தி கை அந்தக் காலரைப் பிடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கையாவது நானாக இருக்கட்டும் என்று மூன்றாம் நாள் மெஷினோடு வேனில் ஏறிவிட்டாள்.

படப்பிடிப்பு ஒரு பழைய கிடங்கில். மழை தகரக் கூரையில் இரைந்ததால் நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தினார்கள். உள்ளே அவள் வீட்டைப்போலவே ஒரு வீடு போட்டிருந்தார்கள். மூன்று சுவர் மட்டும். ஒப்பனைக்காரர் அவள் கைகளை மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆள்காட்டி விரல் பூரா ஓட்டையா இருக்கு?"

"ஊசி ஏறினது."

"அந்த அம்மா விரல் வழவழன்னு இருக்குமே." மாவும் எண்ணெயும் குழைத்து அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். நடிகையின் விரலில் இருந்த மோதிரத்தைப்போல ஒன்றை மாட்டிவிட்டார். அது இறுக்கமாக இருந்தது. நரைத்த தலையை யாரும் பார்க்கவில்லை. நடிகைக்கு நரைத்த முடியில் ஒரு விக் வைத்திருந்தார்கள்.

காலையில் நடிகையை வைத்து எடுத்தார்கள். பாதி பொருத்திய காலரோடு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மகனாக நடிக்க வந்த பையனோடு சண்டை போடும் காட்சி. அந்தப் பாதிக் காலரை மேடையம்மாதான் தைத்துக் கொடுத்தாள். நடிகை நன்றாகத்தான் நடித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். இயக்குநருக்கும் தெரியவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் ஒட்டு மீசையைத் தடவிக்கொண்டு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிச் சண்டையில் சாப்பாட்டுக்கு விட்டார்கள். எல்லோரும் கிடங்கின் பின்பக்கம் போனார்கள். மேடையம்மா மெஷினைத் துடைக்கப் போனாள். அதன்மேல் சட்டை கிடந்தது. காலர் பாதி ஒட்டியும் பாதி தொங்கியும். பதினெட்டு வருஷத்தில் அரைகுறைக் காலரை விட்டுவிட்டு அவள் எழுந்ததே கிடையாது. சண்டையின் அடுத்த வசனம் வாயில் தானாக ஓடியது, கால் மிதிக்க ஆரம்பித்தது. சாப்பிட்டவர்கள் திரும்பி வந்தபோது காலர் பொருந்தி, மேல்தையலும் போட்டு, இஸ்திரி போட்டதுபோல நின்றது.

எது எங்கே எப்படி இருந்தது என்று குறித்து வைப்பதற்கென்று ஒரு பெண் இருந்தாள். அவள்தான் முதலில் அலறினாள்.

"ஐயோ, காலர்! சார், காலர் முடிஞ்சிருச்சு!"

இயக்குநர் ஓடி வந்தார். "யாரு? யாரு இதைத் தைச்சது?"

"நான்தான்" என்றாள் மேடையம்மா.

"உங்களை யாரும்மா தைக்கச் சொன்னா?"

"தைக்கத்தானே கூப்பிட்டீங்க?"

"பாதிச் சண்டை எடுத்தாச்சு! மிச்சப் பாதில காலர் ஒட்டிக்கிட்டு இருந்தா பாக்கறவன் காறித் துப்பமாட்டான்?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க, பிரிச்சிடறேன்."

"பிரிச்சா? காலைல நூல் எவ்ளோ தொங்குச்சோ அவ்ளோ தொங்கணும்! தொங்குமா? எவ்ளோ தொங்குச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டேகால் அங்குலம்" என்றாள் அவள். உண்மையைத்தான் சொன்னாள். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. என்ன எகத்தாளமா என்று குதித்தார்.

அப்போதுதான் ஆசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முதலாளி வேஷத்துக்கு மேலே கோட்டு, உள்ளே அவருடைய சொந்தச் சட்டை. காலர் மடிப்பைப் பார்த்ததுமே அவளுக்கு எது என்று தெரிந்தது. முந்நூற்று எழுபத்தாறு. காய்ச்சலோடு தைத்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் அவர் இயக்குநரிடம். "இவளுக்கு நடிப்பு கிடிப்பெல்லாம் தெரியாது. தையல்காரி. மெஷினைக் கண்டா கை சும்மா இருக்காது."

சிலர் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். தூரத்தில் நாற்காலியில் விக்கோடு உட்கார்ந்திருந்த நடிகை பென்சில்காரரைக் கூப்பிட்டு, "நாடகத்துல இந்த அம்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"நீங்க பண்றதைத்தாம்மா."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றாள் நடிகை எரிச்சலாக.

மேடையம்மா காலரைப் பிரித்தாள். நூலை இரண்டேகால் அங்குலம் தொங்கவிட்டாள். சொன்ன இடத்திலெல்லாம் கையை வைத்தாள். மோதிரத்தைக் கழற்ற சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது. வீட்டுக்குத் திரும்பும் வேனில் அவர் முன்னாலும் அவள் பின்னால் மெஷினோடும் உட்கார்ந்து வந்தார்கள். தையல்காரி என்று சொன்னதில் அவளுக்குக் குறையில்லை. அது அவள் தொழில். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

வந்ததும் அவள் கேட்டது வேறு. "சனிக்கிழமை அச்சாபீஸ் ஆளுங்க மன்றத்துல ஆட்டம் இருக்கே. துணி எடுத்துட்டு வரணும்."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அது இல்ல" என்றார்.

"ஏன்? மன்றம் ஒழுகுதா?"

"இனிமே ஆட்டமே இல்ல. ஒப்பந்தத்துல அப்படி."

நாத்தனார் கையை நீட்டினாள். "குடு, பாப்போம்."

"உனக்கு எதுக்கு அக்கா அது?"

"படிக்கத்தான். இத்தன வருஷம் உன் கிறுக்கல் எழுத்தைப் படிச்சவ, அச்சடிச்சதைப் படிக்க மாட்டேனா? குடுடா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படித்தாள். உதடு ஒரு வார்த்தை முன்னால் அசைந்தது. "மேற்படி நாடகத்தின் தலைப்பு, கதை, வசனம் ஆகியவற்றை எழுத்தாளரோ அவர் குழுவினரோ இனி எந்த மேடையிலும் பயன்படுத்தக் கூடாது. இனின்னா? என்னிக்கு வரைக்கும்டா?"

"இனின்னா இனிதான்."

மேடையம்மா மெஷினின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "வேஷத்தை எவளுக்கோ குடுத்தீங்க, போகட்டும்னு கை நீட்டிக்கிட்டு வந்தேன். மேடையாவது மிச்சம் இருக்குன்னு வந்தேன். அதையும் எழுதிக் குடுத்துட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை?"

"எழுதினது நான். கையெழுத்துப் போட உன்னைக் கேக்கணுமா?"

"கேக்கணும்."

"எதுக்கு? நீ எழுதின ஒரு வரி இருந்தா காட்டு. ஒரே ஒரு வரி!"

அவள் கை மெஷினை விட்டு இறங்கியது. அவரும் ஜெயித்துவிட்டதாக நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

நாத்தனார் அலமாரியைத் திறந்து நாடகப் புத்தகத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை ஏறிய தடித்த நோட்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டினாள். இரண்டாம் தடவையும் ஓட்டினாள்.

"இங்க பாரு. 'அம்மா தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.' மொதக் காட்சில ஒரு தடவை. அவ்வளவுதான். வெட்டறா, தைக்கறா, சட்டை மாட்டிவிடறா, எதுவும் இல்ல. கடைசில மகன் வந்து நின்னு பேசறான்னு மட்டும் போட்டிருக்கான். பதினெட்டு வருஷமா ஒருத்தருக்கும் எழுதி வைக்கணும்னு தோணல. எனக்கும்தான் தோணல."

"எழுதலையா?"

"ஒரு தையல்கூட எழுதல உன் புருஷன். எழுதாததை எப்படி எழுதிக் குடுப்பான்?"

மேடையம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"நான் உனக்காகப் பேசறேன்னு நெனச்சுக்காத" என்றாள் நாத்தனார் வெடுக்கென்று. "இந்த நோட்டை மடில வச்சுக்கிட்டு உக்காந்தவ நான். எனக்கும்தான் வேலை போச்சு. என்னையும் அவன் கேக்கல."

சனிக்கிழமை மாலை நாலு மணி. மழை விட்டுப் புழுங்கியது. அச்சாபீஸ் மன்றத்தில் முந்நூறு பேர். விரலில் மைக்கறையோடு ஆண்கள், ஈர மழைக்கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். ஆசிரியர் மூடிய திரைக்கு முன்னால் நின்று, தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று நாடகம் இல்லை, விரைவில் வெள்ளித்திரையில் காணலாம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். காலையிலேயே கைவண்டியில் மெஷின் வந்து இறங்கியது அவருக்குத் தெரியாது. திரைக் கயிறு நாத்தனார் கையில் இருந்தது. அவர் "வெள்ளித்திரையில்" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் திரை விலகியது.

மெஷின், ஸ்டூல், மேஜைமேல் துணி. மேடையம்மா உட்கார்ந்திருந்தாள். மாவு போடாத நரை.

ஆசிரியருக்கு முகத்தில் ஈயாடவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? பக்கத்திரைக்குள் ஓடிப்போய், அங்கிருந்து பல்லைக் கடித்தார். "எழுந்திரு. ஒரு வசனம் பேசின, கேஸ் போடுவாங்க. எழுந்திருன்னா!"

அவள் பேசவில்லை. துணியைப் பரப்பினாள். வழக்கமாக விரிக்கும் அவர் அளவுக்கு வெட்டிவைத்த காகிதங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அளவு நாடாவை எடுத்தாள், சாக்கட்டியால் கோடு போட்டாள், கத்தரியை ஓட்டினாள். பக்கத்திரைக்குள் தன் ஸ்டூலில் மூடிய நோட்டோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் கோடுகளைப் பார்த்தாள், பிறகு தம்பியின் தோளைப் பார்த்தாள்.

"சத்தம் வரல!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"வசனம் எங்கம்மா?"

"இதுக்கா குளிச்சுக் கிளம்பி வந்தோம்? எங்க வீட்டுலயும்தான் தைக்கறா!"

விசில் அடித்தார்கள். இருபது முப்பது பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அவள் நிமிரவில்லை. முதல் தையல் ஒரு நூல் கோணிவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். மகன் பேசவேண்டிய இடத்தில் தலையைத் தூக்கி மகன் நிற்கும் பக்கம் பார்த்தாள், பதில் சொல்லவேண்டிய நேரம் கழிந்ததும் குனிந்தாள். முதலாளி வந்து உறுமும் இடத்தில் வாசல் பக்கம் பார்த்து, பல்லில் ஊசியைக் கவ்விக்கொண்டு முறைத்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். முன்பு பார்த்தவள் போல. பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்க, அவள் அந்த இடத்து வசனத்தை அவர் காதில் சொன்னாள். இப்படி அங்கங்கே ஆரம்பித்தது. கத்தியவர் ஓய்ந்தார். தோள் சேர்ந்தது. கை சேர்ந்தது. புத்தகம் கட்டும் பைண்டர் ஒருவர், "பாருய்யா, கோடு போட்ட மாதிரி போவுது" என்றார். அதன்பின் மன்றத்தில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

ஆசிரியர் போய்விடவில்லை. போக நினைத்துக் குடையைக்கூட எடுத்தார். ஆனால் இரண்டாவது காட்சி முடிகிற நேரத்தில் அவர் தன் வழக்கமான இடத்தில், பக்கத்திரையின் மடிப்புக்குள், வந்து நின்றிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நாத்தனார் பார்த்தாள். தம்பி ஒரு வார்த்தைகூடத் தவறவிடவில்லை.

காலர் வந்தது. பாதியில் நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போய் முடிந்தது. ஓரத்தைத் திருப்பிச் சிவப்பு நூலில் எண்ணை எழுதினாள். பட்டன் ஒவ்வொன்றாக விழுந்தது. ஐந்தாவது பட்டனுக்கு நூலைச் சுற்றி முடிச்சிட்டாள். குனிந்து பல்லால் கடித்தாள்.

டக்.

ஆசிரியர் மேடைக்குள் வந்தார். வரவேண்டும் என்று நினைத்து வரவில்லை, பதினெட்டு வருஷம் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. நேராக முன்னால், திரை வந்து சேரும் கோட்டையும் தாண்டி வழக்கமான இடத்துக்குப் போய், சபையைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார்.

மேடையம்மா சட்டையை உதறினாள். தன் வலது கையை விட்டாள், இடது கையை விட்டாள். ஐந்து பட்டனையும் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டாள். தோள் தோளில் உட்கார்ந்தது. மணிக்கட்டு மணிக்கட்டில் நின்றது. இந்த வயதில் அவள் தனக்கென்று தைத்துக்கொண்ட முதல் சட்டை அது.

"அக்கா, திரையப் போடுங்க" என்றாள்.

நாத்தனார் கயிற்றை இழுத்தாள். இரண்டு பக்கத்துத் திரையும் வந்து ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டன. உள்ளே மெஷினை மடக்கும் சத்தம் கேட்டது. அவர் சட்டைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வரிசையிலிருந்து அந்த பைண்டர் மரியாதையாகத்தான் சொன்னார்:

"சார், கையை இறக்குங்க."